கோல சிலாங்கூர் ஆற்றில் இருவர் மட்டும்: அவசரமில்லாத படகுப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், புக்கிட் ரோத்தானில் இருந்து கோல சிலாங்கூர் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, காரில் கால் மணி நேரம்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே எங்கள் தோட்டப் பக்கத்தில் பலரும் எந்த ஏற்பாடும் செய்யாமல் கிளம்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஜெட்டிக்குப் போய் நின்றால் ஆறு வற்றிச் சேறு தெரியும். இல்லையென்றால் பெரிய கூட்டத்தோடு ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கிவிடுவார்கள். "இதுக்கா வந்தோம்" என்று வீடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணவனும் மனைவியும் தனிப் படகில் உட்கார்ந்து, சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரம் வரை மெல்லப் போய்த் திரும்பி, இரவில் மின்மினியும் பார்த்துவிட்டு வருவதற்கான முறையை இங்கே சொல்கிறேன். மாலை நான்கரைக்குத் தொடங்கினால் இரவு ஒன்பது வாக்கில் முடியும்.

வரிசை இதுதான்: முதலில் நாள், பிறகு நேரம், அதற்குப் பிறகுதான் படகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லீவு கிடைத்த நாளுக்குப் படகைப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு, கடைசியில் தண்ணீர் இருக்குமா என்று கேட்கிறார்கள்.

## 1. நாளைக் காலண்டரில் பாருங்கள்

சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். கடல் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் நிலவைப் பொறுத்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிச் சிறிதாக இருக்கும். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கரையில், பெரிய நாள்களில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். அஷ்டமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது.

நமக்கு ஒரே மாலையில் இரண்டு விஷயம் அமைய வேண்டும்: சாயங்காலம் ஆறு நிறைந்திருக்க வேண்டும், இரவு எட்டு மணிக்கு வானம் இருட்டாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது அமாவாசையை அடுத்த நாள்களில். அப்போது தண்ணீர் பெரும்பாலும் மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் உச்சத்துக்கு வரும். நிலவு மெல்லிய பிறையாக இருந்து சீக்கிரமே மறைந்துவிடும்.

அமாவாசை நாளையே எடுக்க வேண்டாம். பல வீடுகளில் அன்று முன்னோர்களுக்குப் படையல், சைவச் சாப்பாடு, விரதம் என்று இருக்கும். அந்த வேலையெல்லாம் முடித்துவிட்டு நான்கு மணிக்கு ஜெட்டியில் நிற்பது வீட்டம்மாவுக்குத்தான் சிரமம். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் நினைக்கவே வேண்டாம். அடுத்த நாள் பிரதமை என்கிற பாட்டிமை. அன்று எதையும் தொடங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லும் வீடாக இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். துவிதியை, திருதியை இரண்டும்தான் நான் எல்லோருக்கும் சொல்லும் நாள்கள். வானம் தெளிவாக இருந்தால் மூன்றாம் பிறையையும் ஆற்றங்கரையிலிருந்தே பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். முகத்துவாரம் மேற்கே பார்த்திருக்கிறது, பிறையும் மேற்கில்தான் தெரியும்.

அஷ்டமி வாக்கில் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அன்று தண்ணீர் மதியம் ஏறி, சாயங்காலம் இறங்கிக் கிடக்கும். வளர்பிறை அஷ்டமி என்றால் நிலவும் பாதியாக எரியும்.

நாள் வார நாளாக அமைந்தால் லீவு போட்டாவது போங்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாள்களில் இரண்டு பேருக்கு மட்டும் தனிப் படகு கொடுக்க யாருக்கும் மனம் வராது.

## 2. நேரத்தை அட்டவணையில் பாருங்கள்

நாள் முடிவானதும் அன்றைய ஓத அட்டவணையை, அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். கடற்படையின் தேசிய நீரளவை மையமும் ஜூப்பெம் என்கிற நில அளவைத் துறையும் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கைப்பேசியில் பார்க்கவும் செயலிகள் உண்டு. பெலாபுஹான் கிள்ளான் (கிள்ளான் துறைமுகம்) என்ற பெயரில் தேடுங்கள். கோல சிலாங்கூருக்கும் அதற்கும் சிறு வித்தியாசம் இருக்கும், ஆகவே முன்னே பின்னே அரை மணி நேரம் விட்டுக் கணக்குப் போடுங்கள். படகோட்டியிடம் "ஆயேர் பாசாங் பூக்குல் பெராப்பா?" (ஏற்றம் எத்தனை மணிக்கு?) என்று கேட்டால் அவர் சொல்வதுதான் கடைசிச் சொல்.

அட்டவணையில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் நான்கு வரி இருக்கும். மீட்டர் கணக்கு அதிகமாக இருக்கும் இரண்டும் ஏற்றம், குறைவாக இருக்கும் இரண்டும் இறக்கம். மாலையில் வரும் ஏற்றத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழியுங்கள். அதுதான் படகில் ஏறும் நேரம். உச்சம் 6:30 என்றால் 4:30க்கு ஏற வேண்டும்.

ஏன் இரண்டு மணி? தண்ணீர் ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுக்கிறது. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் வந்துவிடும், இழுப்பும் அப்போதுதான் அதிகம். கடைசி இரண்டு மணி நேரத்தில் கால் பங்குதான் ஏறும், ஆறு அமைதியாக இருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. தண்ணீர் ஏறும்போது நீரோட்டம் கடலிலிருந்து உள்ளே வருகிறது. நடுவழியில் இயந்திரம் நின்றுபோனால் படகு ஊர்ப் பக்கமாக மிதந்து வரும். இறங்கும் தண்ணீரில் நின்றுபோனால் அதே படகு கடலை நோக்கிப் போகும். வயதானவர்களை அனுப்பி வைக்கும்போது இந்த ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தண்ணீர் வற்றும்போது கடலில் வெளிவரும் மணல்திட்டான ஸ்கை மிரர் பார்க்கப் போகிறவர்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குத் தண்ணீர் வற்ற வேண்டும், நமக்கு ஏற வேண்டும். அதே நாள்களில் அவர்கள் காலையில் போய்த் திரும்பிவிடுவார்கள்.

## 3. வானத்தை இரண்டு தடவை பாருங்கள்

முந்தின நாள் ஒரு தடவை, அன்று மதியம் ஒரு தடவை. வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியில் கோல சிலாங்கூரோடு கோல குபு பாருவையும் சேர்த்துப் பாருங்கள். சிலாங்கூர் ஆறு அந்த மலைப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. அங்கே பலத்த மழை பெய்திருந்தால் இங்கே வெயிலடித்தாலும் ஆறு செந்நிறமாகி, கட்டைகளையும் நிப்பா பனை மட்டைகளையும் அடித்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நாளில் ஏற்றத்தை நம்பிப் போட்ட கணக்கும் பிசகும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் மாற்று நாள் ஒன்றைச் சேர்த்தே பேசி வையுங்கள். இடிச் சத்தம் கேட்டால் ஏற வேண்டாம். திறந்த ஆற்றில் உயரமாக இருப்பது உங்கள் படகு மட்டும்தான்.

## 4. படகைப் பேசுங்கள்

இரண்டு மூன்று நாள் முன்பே ஜெட்டிக்கு நேரில் போய்ப் பேசுவது நல்லது. படகைக் கண்ணால் பார்க்கலாம். கூரை இருக்கிறதா, சாய்ந்து உட்கார முதுகுப்பலகை உண்டா, ஏறுமிடத்தில் படி எப்படி என்று பாருங்கள்.

முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: "அபாங், காமி டுவா ஓராங் சாஜா. நாக் சேவா சத்து போட், டுவா ஜாம், ஜாலான் பிளான்-பிளான்." இருவர் மட்டும், முழுப் படகு, இரண்டு மணி நேரம், மெதுவாக. இந்த நான்கும் தெளிவாக இல்லையென்றால் வழக்கமான சுற்றுக்கு ஆள் சேர்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் கணக்கில் விலை கேட்காதீர்கள், படகுக்கு எத்தனை வெள்ளி என்று கேளுங்கள்.

பிறகு மூன்று கேள்வி. உங்கள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா? உடம்பு பருமனாக உள்ளவர்கள் அங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும், பட்டை எட்டாமல் போவது அடிக்கடி நடக்கிறது. மழை வந்தால் பணம் திரும்புமா, நாள் மாறுமா? நடுவில் இயந்திரத்தை நிறுத்தி மிதக்க விடுவாரா? மூன்றாவதற்கு முகம் சுளிப்பவரிடம் பேச வேண்டாம், அடுத்த படகுக்குப் போங்கள்.

கழுகுக்குத் தீனி போடுவதும் சில இடங்களில் பயணத்தில் சேர்ந்தே வரும். கோழித் தோலையும் கொழுப்பையும் வீசினால் செம்பருந்துகள் கூட்டமாக வந்து இறங்கும். நம் வீடுகளில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவைதான். மீனையும் நண்டையும் தானே பிடித்துத் தின்ன வேண்டியது, படகுச் சத்தம் கேட்டதும் கொழுப்புக்குக் காத்திருக்கப் பழகுகிறது. "தாக் பாயா காசி மாக்கான்" (தீனி போட வேண்டாம்) என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்தப் போவதில்லை. தீனி போடாவிட்டாலும் அவை தலைக்கு மேலே வட்டமிடுவதைப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

## 5. உடுப்பும் கையில் எடுப்பதும்

சேலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கீழ்க்கொசுவம் காலில் மாட்டும், ஈரப் படியில் அது ஆபத்து. சுடிதார் அல்லது கால்சட்டை நல்லது. ஜப்பான் சிலிப்பர் கூடாது. பின்பக்கம் வார் உள்ள செருப்பு போடுங்கள். சேற்றுப் பாசியில் சிலிப்பர் வழுக்கும், ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்தால் எடுக்க முடியாது.

ஒரே ஒரு பை, அதுவும் முதுகில் மாட்டுவதாக இருக்கட்டும். அதில் தண்ணீர், பிளாஸ்க்கில் தேநீர், தொப்பி, மெல்லிய மழைச்சட்டை, ஒரு துண்டு, அன்றைய மருந்து. சர்க்கரை உள்ளவர்கள் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு மேல்தான் என்பதை நினைவில் வைத்துப் பிஸ்கட்டோ வாழைப்பழமோ எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கழுத்தில் தொங்கும் நீர்புகாப் பையில் போடுங்கள். வீட்டுச் சாவியும் அதற்குள் போகட்டும்.

படகில் கழிவறை இருக்காது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்து தலைசுற்றி உட்காரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டிய அளவு குடித்துவிட்டு, ஏறுவதற்கு முன் ஊருக்குள்ளேயே ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், இரண்டு மணி நேரம் தாங்கும்.

புக்கிட் மெலாவாத்தி குன்றைப் பார்த்துவிட்டு வருவதாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் எதையும் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். கருஞ்சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் சாது, நீண்ட வாலுள்ள கெரா குரங்குகள் பறித்துக்கொண்டு ஓடும்.

## 6. படகில் ஏறுவது

இந்தப் பயணத்தில் அடிபடுவது என்றால் பெரும்பாலும் இங்கேதான். ஆகவே இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

வழக்கமாக நடப்பது இது. கணவர் முதலில் துள்ளி ஏறிவிடுவார். படகின் ஓரத்தில் நின்றுகொண்டு கையை நீட்டுவார். மனைவி ஒரு காலை ஜெட்டியிலும் ஒரு காலைப் படகிலும் வைத்து, "ஏங்க, புடிங்க, புடிங்க" என்பார். கணவர் கையைப் பிடித்து இழுக்க, தடுமாறும் மனைவியின் கால் படகை வெளியே தள்ளும். தள்ளத் தள்ள இடைவெளி அகலமாகும்.

சரியான முறையில் உள்ளே நின்று கை கொடுப்பது படகோட்டி மட்டும்தான். படகைக் கயிற்றால் இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கால் தடுமாறக்கூடியவர் முதலில் ஏற வேண்டும், மற்றவர் ஜெட்டியிலேயே பின்னால் நிற்க வேண்டும். கை காலியாக இருக்கட்டும், பை பிறகு வரும். லைஃப் ஜாக்கெட்டை ஜெட்டியிலேயே போட்டுப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள், விழுவதென்றால் ஏறும்போதுதான் விழுவோம்.

காலைப் படகின் விளிம்பில் வைக்காதீர்கள். நடுவில் தரைப்பலகையில் வையுங்கள், விளிம்பில் வைத்தால் படகு சாயும். உள்ளே வந்ததும் நிற்காமல் உடனே உட்காருங்கள். அதற்குப் பிறகுதான் அடுத்தவர்.

பின்னேரம் நான்கரைக்குத் தண்ணீர் இன்னும் முழுதாக ஏறியிருக்காது. காலை ஏற்றத்தில் மூழ்கி வெளிவந்த படிகளில் பச்சையாகப் பாசி இருக்கும். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்குங்கள். திரும்பி வரும்போது தண்ணீர் ஏறியிருக்கும், படி குறைந்திருக்கும், சிரமமே இருக்காது. ஏற்றத்தில் போவதில் இதுவும் ஒரு லாபம்.

உட்காரும்போது இருவரும் ஒரே பக்கம் சேர்ந்து உட்கார்ந்துவிடாமல் நடுப்பலகையில் உட்காருங்கள். படகோட்டி எடையைப் பார்த்து இடம் மாற்றச் சொன்னால் மாறிக்கொள்ளுங்கள்.

## 7. ஆற்றில் போகும் வரிசை

முதலில் கடல் பக்கம். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே முகத்துவாரத்தைப் பார்த்துவிட வேண்டும். போகும்போது நீரோட்டம் எதிரே வருவதால் படகு தானாகவே மெதுவாகத்தான் போகும். அதை வேகப்படுத்தச் சொல்லாதீர்கள். வடகரையில் பாசிர் பெனாம்பாங் மீனவர் வீடுகள் தூண்களின் மேல் நிற்பதும், வலை காய்வதும், ஐஸ் பெட்டிகள் இறங்குவதும் இந்த நேரத்தில்தான் தெரியும். மீன்பிடிப் படகுகள் கடந்து போகும்போது அலை வரும். அப்போது பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விரலைப் படகின் வெளி விளிம்பில் வைக்காதீர்கள்.

முகத்துவாரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே சேற்றுத்திட்டும் கடற்காற்றும் சேர்ந்து சிற்றலை எழும்பும். "இன்னும் கொஞ்சம் வெளியே போவோமா" என்று படகோட்டி கேட்டாலும் வேண்டாம். ஆற்றுக்கான படகு, தலைசுற்றல் தொடங்குவதும் அந்த இடத்தில்தான்.

திரும்பும்போதுதான் பயணத்தின் நல்ல பகுதி. பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் உள்ள கரையோரம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஏறும் தண்ணீரே படகை மெல்ல உள்ளே கொண்டுபோகும். சத்தம் அடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் கரை தன் வேலைக்குத் திரும்பும். முதலில் வேர்களுக்கிடையே சேற்றில் துள்ளும் மீன்கள், கண் இரண்டும் உச்சந்தலையில் இருக்கும், தண்ணீர் ஏற ஏற வேரில் தொற்றி மேலே வரும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகள் அதை ஆட்டிவிட்டு வளைக்குள் போகும். பிறகு நீல மீன்கொத்தி, கொக்கு, கரையில் படுத்திருக்கும் உடும்பு. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்களும் சேரும். படம் எடுக்க எழுந்து நிற்காதீர்கள், உட்கார்ந்தபடியே எடுக்கலாம். கையைத் தண்ணீரில் விடாதீர்கள், மறைந்திருக்கும் கட்டைகளில் சிப்பி ஒட்டியிருக்கும், கத்தியாக அறுக்கும்.

இருவருக்கும் பேசுவதற்கான நேரமும் இதுதான். நான் அனுப்பி வைத்த ஒரு தம்பதியில் அந்த அம்மா திரும்பி வந்து சொன்னது: பிள்ளைகள் பேச்சில்லாமல், கைப்பேசி இல்லாமல், இவர் இவ்வளவு நேரம் என்னோடு உட்கார்ந்தது கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான். அதனால்தான் முழுப் படகு பேசுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

## 8. கரையேறிச் சாப்பாடு

உச்ச நேரத்துக்குள் ஜெட்டிக்கு வந்துவிடுங்கள். மஃரிப் தொழுகை ஏழு மணிக்கு மேல் வரும், மலாய்ப் படகோட்டிகள் அதற்குள் முடிக்க விரும்புவார்கள். அவர் அவசரப்படுகிறார் என்று வருத்தப்பட வேண்டாம், அந்த நேரத்தை முன்பே விட்டுக் கணக்குப் போடுவது நம் பொறுப்பு.

இரவுச் சாப்பாட்டைப் பாசிர் பெனாம்பாங்கில் ஆற்றோரக் கடையில் வைத்துக்கொள்ளலாம். மீன், நண்டு எல்லாம் எடைக் கணக்கில் விற்பார்கள். சமைப்பதற்கு முன்பே எடையையும் விலையையும் கேட்டுவிடுங்கள். சைவம் என்றால் வீட்டிலிருந்து தாப்பாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி, எடுத்து வருவது நிம்மதி. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இன்னொரு படகு இருக்கிறது.

## 9. மின்மினி

மின்மினி பார்க்கும் இடமான கம்போங் குவாந்தான், கோல சிலாங்கூர் ஊரிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான், புக்கிட் ரோத்தான் திரும்புகிறவர்களுக்கு அதிகச் சுற்றும் இல்லை. அங்கே துடுப்புப் போடும் சம்பான் என்கிற சிறு படகு உண்டு. அதையே எடுங்கள், இயந்திரச் சத்தமே இருக்காது. ஒரு சம்பானில் நான்கு பேர் வரை ஏற்றுவார்கள். தனியாகப் போக வேண்டுமென்றால் முழுச் சம்பானுக்கும் பணம் கொடுக்கிறோம் என்று சீட்டு வாங்கும்போதே சொல்லுங்கள்.

எட்டு மணி வாக்கில் ஏறுவது நல்லது. அதற்கு முன் முழு இருட்டு வந்திருக்காது. சம்பான் தாழ்வானது, 6ஆம் பகுதியில் சொன்ன முறை இங்கே இன்னும் முக்கியம்.

கொசு மருந்தைக் காரில் இருக்கும்போதே பூசிக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். சம்பானில் ஸ்பிரே அடிக்கக்கூடாது. மின்மினிகள் உட்கார்ந்திருக்கும் பெரெம்பாங் மரத்துக்கு மிக அருகில் போவோம், அந்தப் புகை பூச்சிகளுக்கு விஷம். கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள். திரை வெளிச்சம் பட்டால் உங்கள் கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும், மற்ற சம்பான்களில் உள்ளவர்களுக்கும் கெடும். படம் எப்படியும் விழாது.

ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிரும். ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது பிடிபடும். துணைக்குக் காட்டுவதற்காகக் கையில் பிடித்துக் கொடுக்காதீர்கள், இலையையும் ஒடிக்காதீர்கள். இவற்றின் புழுக்கள் இதே கரை ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன, அதனால் கரையில் குப்பையும் போடக்கூடாது.

## 10. மழை கெடுத்துவிட்டால்

அடுத்த அமாவாசை வரை ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. பௌர்ணமிக்குப் பிறகு நிலவு தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக எழும். சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருப்பவர்களுக்கு இது தெரியும், அன்று நிலவுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்! ஆகவே தேய்பிறைச் சதுர்த்தியில் எட்டு மணிக்கு வானம் இருட்டாகவே இருக்கும். ஏற்றத்தின் உச்சம் அன்று ஏழரை, எட்டு மணி வாக்கில் வரும், நீங்கள் ஐந்தரைக்கு ஏறினால் கணக்குச் சரியாக இருக்கும். வெளிச்சம் குறைவதால் ஆற்றுப் பயணத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மின்மினிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், விரதம் இருப்பவர்களுக்கும் அதுவே ஒத்துவரும்.